கிருமிக்குக் கொடுத்த மாத்திரை

கழிவறையிலிருந்து வெளியே வந்த அல்போன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி குளோரி, மறுபடியும் ரெத்தம் போவுது."

மூத்திரப்பையிலிருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு நாகர்கோவில் டாக்டர் விளக்கியிருந்தார். காசநோய்த் தடுப்பு மருந்தைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். அதிலிருப்பது வீரியம் குறைந்த, உயிருள்ள கிருமி. அதைக் கண்டு உடம்பு சண்டைக்கு எழும்பும். அந்தச் சண்டையில் மிச்சமிருக்கும் புற்றும் அடிபடும். மருந்தை அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்க வேண்டும். "சாளை பொரிக்க மாதிரி திருப்பித் திருப்பிப் போடுகானுவ" என்று அல்போன்ஸ் கடற்கரையில் சொல்லிச் சிரித்தார்.

குளோரியின் காதில் நின்றது ஒன்றுதான்: உயிருள்ள காசக் கிருமி. வீட்டில் மகள் ஜின்சி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மருந்து விட்ட அன்றைக்கு மட்டும் கழிவறையில் பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்றார்கள். குளோரி தினமும் போட்டாள். போன வாரம் மருந்து விட்டு வந்ததும் அல்போன்ஸுக்குக் காய்ச்சல் அடித்தது. வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். குளோரிக்கு மனசு ஆறவில்லை. தம்பி லிஜோ காசநோய்க்குத் தின்று, இருமல் நின்றதும் பாதியில் விட்ட மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. காய்ச்சல் மாத்திரையோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவந்தாள். லிஜோவுக்கும் அப்போது மூத்திரம் இப்படித்தான் சிவந்து போனது.

"இனி ஆஸ்பத்திரிக்கு நான் வரல்ல," என்றார் அல்போன்ஸ். "எல்லாம் வெறுதே. நாளைக்கு கடலுக்குப் போறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனுசன் வைத்தியத்தையே விட்டுவிடுவார்.

"அது ரெத்தம் இல்ல. லிஜோக்க மாத்திரை. நாந்தான் சேத்துத் தந்தேன்."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"அது கிருமிய கொல்லுக மாத்திரையில்லா?"

"ஆமா."

"எனக்கு நல்லதாவட்டும்னா தந்த?"

ஆமாம் என்றிருக்கலாம். உள்ளறையில் குழந்தை முனகியது.

"இல்ல. பிள்ளைக்கு ஒட்டிரப்பிடாதுன்னு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினார். மருந்தாக விட்ட கிருமியை மாத்திரை கொன்றிருக்கும்; அதற்கு முன்பு அது புற்றின்மேல் எவ்வளவு வேலை செய்தது என்று இப்போது சொல்ல முடியாது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டவர் அல்போன்ஸ்தான்.

"பொறந்ததும் அதோட கையில போட்டிருப்பாங்களே ஊசி. அதுவும் இதே மருந்துதாம்மா," என்று டாக்டர் குளோரியைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அல்போன்ஸ் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.