லா இல்லாத தாள்

பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் நிலையம் நடத்தும் தம்புசாமிக்குக் கண் பார்வை கிடையாது. ஆறு மாதமாக வங்கிச் செயலியைக் குரலாலேயே திறக்கிறார். அதற்கு முன் யாரையாவது கூப்பிட்டு ரகசிய எண்ணைச் சொல்லி, அந்த ஆள் நல்லவனாக இருக்க வேண்டுமே என்று தவிப்பார். மனிதர் பட்ட கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல.

வங்கியின் இந்தக் குரல் பூட்டு இன்னும் வெள்ளோட்டத்தில்தான் இருந்தது. போலிக் குரலுக்கு நூற்றில் ஒரு முறைக்கு மேல் திறந்தால் நிறுத்திவிடுவார்கள். அதை அளப்பது வங்கி ஊழியர் புனிதாவின் வேலை. கிள்ளானிலிருந்து இரண்டு பலகுரல் கலைஞர்களை நிலையத்துக்கே வரவழைத்திருந்தாள். அங்கே வேலை பார்க்கும் அழகிரியோடு ஒரு மணி நேரம் பேசிப் பழகிவிட்டு, பூட்டைத் திறக்கும் வாக்கியத்தை அவனைப் போலவே அவன் கைப்பேசியில் இருநூறு முறை சொல்லிப் பார்த்தார்கள். பூட்டு அசையவில்லை. புனிதாவுக்கு வாயெல்லாம் பல்.

கேட்டுக்கொண்டிருந்த தம்புசாமிக்குத்தான் காதில் ஏதோ உறுத்தியது.

"அழகிரி இப்படியாம்மா பேசுவான்? லா எங்க?"

அழகிரி பதிவு செய்திருந்தது, "நான்தான் லா, கதவத் தொற." கலைஞர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுக்கும்போது, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் லா எழுத்துத் தமிழில் எதற்கு என்று புனிதா அதை நீக்கி, மற்றதையும் திருத்தியிருந்தாள். பள்ளியில் தமிழில் ஏ கிரேடு வாங்கியவள். கை சும்மா இருக்குமா?

விளையாட்டாகத்தான் தம்புசாமி அழகிரியின் கைப்பேசியை வாங்கினார். அழகிரி லாவை இழுத்து, முடிவில் மூச்சை விழுங்குவான். பத்து வருடமாகக் கேட்கிற குரல். அப்படியே சொன்னார்.

"வாங்க, அழகிரி" என்றது கைப்பேசி.

அவர் முகம் செத்துவிட்டது. பத்துத் தடவை சொன்னதில் மூன்று தடவை திறந்தது.

தம்புசாமி அங்கிள் பெயர் ஆய்வுப் பட்டியலிலேயே இல்லை, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று புனிதா மெல்லச் சொன்னாள். அவருக்காகத்தான் சொன்னாள், பாவம். அவருக்கும் அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதும்மா. எனக்கே தொறக்குதுன்னா, நாளைக்கு எவனுக்கும் தொறக்கும் லா."

எழுதினாள். அடுத்த வாரமே குரல் பூட்டை நிறுத்திவிட்டார்கள். சேதி சொல்ல அவளே நேரில் வந்தாள். தம்புசாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, கடை வாடகை அனுப்ப வேண்டும் என்று கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்ல, அங்கிள்."

அவள் பக்கம் குனிந்து, ரகசிய எண்ணின் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.