பழகிய ருசி

முனியப்பன் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டிய புருஷன் கொல்லையில் குந்திக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி கக்குகிறார், நான் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறேன். பாவிதான் நான், இருக்கட்டும். முகமெல்லாம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடக்கிறது என்று அவர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதே மாத்திரை வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

யோசனை என்னோடு ரயிலில் வரும் பியூலாவுடையது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் வீட்டில் ஒரு குடிகாரர் உண்டு. பங்காருபேட்டை தாண்டியதும் அவள் காதோடு சொன்னாள்.

"டாக்டராண்ட இட்டுனு போனா வருவாரா உன் ஆளு? மாத்திரைய நுணுக்கி கொழம்புல போட்டுடு. அது உள்ள இருந்தா சரக்கு ஒத்துக்காது. நாலு வாட்டி கக்குனா தானா வுட்டுடுவாரு."

இன்னும் ஒரு வருஷம் இப்படியே குடித்தால் ஈரல் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் நேத்ரா பத்தாவது முடிக்கும்போது அப்பா இருக்க மாட்டார் என்று அர்த்தம். எனக்கு வேறு என்ன வழி? கசப்பு தெரியாமலிருக்கப் புளியைக் கூட்டினேன், வெல்லம் சேர்த்தேன். குழம்பை மூடி வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். அவர் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் கொட்டிய சயனைட் மேட்டைத் தாண்டி, மைசூர் மைன்ஸ் பக்கம் சாராயக் கடைக்குப் போவார். மூன்று வாரம் கக்கினார். அப்புறம் குழம்பு அப்படியே மிஞ்ச ஆரம்பித்தது. பசி செத்துப்போச்சு போல என்று நினைத்தேன்.

பெங்களூரில் எனக்கு எலிக்கூண்டு கழுவுகிற வேலை. சாராயம் உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது, அந்தக் கழிவு எலியின் ஆசையை என்ன செய்கிறது என்பதுதான் அங்கே மமதா மேடத்தின் ஆராய்ச்சி. கம்பியை அழுத்தினால் எலிக்கு ஒரு சொட்டு சாராயத் தண்ணீர் கிடைக்கும். மாதக்கணக்காகப் பழகிய எலிகள். அந்த வாரம் அவற்றில் சிலதுக்கு, சாராயம் ஒத்துக்கொள்ளவிடாத மருந்து ஒன்றை வாழைப்பழ வாசனை போட்ட புதுத் தீனியில் கலந்து வைத்திருந்தார்கள். குடித்ததும் எலிகள் சுருண்டு கிடந்தன. அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தீனி குவியலாக அப்படியே கிடக்கிறது. கம்பியை மட்டும் டக்கு டக்கென்று அழுத்திக்கொண்டே இருக்கின்றன.

ஏன் மேடம் என்று கேட்டேன்.

"பழகின ருசி மேல எலிக்குச் சந்தேகம் வராதும்மா. புதுசா எதைத் தின்னுச்சோ அதைத்தான் வெறுக்கும்" என்றார்.

வீட்டில் அப்படியே மிஞ்சிக் கிடந்த குழம்புதான் கண்முன் வந்தது; கையிலிருந்த ஈரக்கூண்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. பியூலாவை அல்ல, என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், மருந்து எதுவும் போடாமல், கறிக்குழம்பு வைத்தேன். அவர் தெளிவாகத்தான் இருந்தார். தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம்."

"ஒரு வாய் துன்னு பாருங்க."

"உன் சோத்த துன்னாத்தான் எனக்கு இப்புடி ஆவுது. கடையில முட்ட துன்னா ஒண்ணும் ஆவறதில்ல. இன்னாத்த போடற நீ? சயனைட் மேட்டு மண்ணா?"

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர் மெதுவாகத்தான் கேட்டார். இருபது வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

நேத்ரா முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் எட்டி அவள் தட்டை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"நீ துன்னாத பாப்பா. அப்பா உனுக்கு பன்னு வாங்கியாறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எந்தப் பக்கம் போவார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் தட்டை என் பக்கம் இழுத்தேன். பிசைந்து, அள்ளி அள்ளித் தின்றேன். விக்கல் எடுத்தது, விடவில்லை. நேத்ரா எழுந்து போய்த் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுவரோரம் தள்ளி உட்கார்ந்து, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.