நிறையாத தொட்டி

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஜெகதாம்பாள் தன் மாமனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும்.

"அவங்க பன்னெண்டு வருஷமா அங்க பழகிட்டாங்க மாமா. வந்தாங்கன்னா செம்பைத் தூக்கிட்டு ஓடைக்குப் போங்கன்னு சொல்ல முடியுமா?"

அவள் புருஷன் பழனிவேல் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. அங்கே குண்டு விழுந்ததும் எப்படியோ அவளுக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கி ஏற்றிவிட்டான். அடுத்த கப்பலில் வருகிறேன் என்றான். அது 1942, தை மாதம். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு கப்பலே வரவில்லை. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது.

மாமனார் அமிர்தலிங்கத்துக்கு அவன் ஒரே பிள்ளை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் நாலாவது மைலில் அவர்கள் ஊர். பருத்தியும் வரகும் விளையும் நிலம் இருந்தது. வீட்டை ஒட்டிக் கக்கூஸா என்று முதலில் முகம் சுளித்தவர், மருமகள் ஒரு வருஷம் வேறெதுவும் கேட்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, மறு கோடையில் அரியலூரிலிருந்து முத்துசாமிக் கொத்தனாரை வரவழைத்தார்.

யுத்தக் காலம். சிமெண்டு கிடைக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். ஜெகதாம்பாள் கூடவே நின்று சொன்னாள். தொட்டிக்குள் குறுக்கே ஒரு சுவர் வர வேண்டும். கசடு முதல் அறையில் தங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் இரண்டாவது அறைக்குப் போக வேண்டும். மேலே இரும்பு வளையம் போட்ட மூடிக்கல். காற்றுப் போக உயரமாக ஒரு குழாய். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டே கட்டி முடித்தார்.

ஊரில் சிரித்தார்கள். ஆனாலும் அந்த வீட்டுக்கு வந்த உறவுக்காரர் எவரும் அதை ஒரு தடவை உபயோகித்துப் பார்க்காமல் திரும்பவில்லை. ஜெகதாம்பாள் அதில் சாம்பல் கொட்ட விடமாட்டாள், கந்தல் போட விடமாட்டாள். பழனிவேல் வரும்போது அது புதுசு போல இருக்க வேண்டும்.

1945 ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போகாமல் எதிர்த்து வந்தது. நாற்றம் சமையலறை வரை எட்டியது. யுத்தம் முடிந்துவிட்டதால் எந்த நாளும் அவன் வந்து நிற்கலாம் என்ற நினைப்பில் இருந்தவளுக்கு அது பெரிய கவலையாகப் போயிற்று. அமிர்தலிங்கம் அரியலூர் ஸ்டேஷனில் விசாரித்தார். ரயில்வே குடியிருப்புத் தொட்டிகளை இறைக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான் என்றார்கள்.

பொங்கல் கழிந்து அரியமுத்து வந்தான். நாற்பது வயதிருக்கும். மாட்டு வண்டியில் ஓர் இரும்புப் பீப்பாய், ஒரு கை பம்பு, நீளமான ரப்பர் குழாய். மூடிக்கல்லை நெம்பித் தள்ளிவிட்டு, கெட்ட காற்று வெளியேற அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். விளக்கு அணையவில்லை. குனிந்து பார்த்தவன் நிமிர்ந்தான்.

"ஐயா, இது நம்மூரு கட்டு இல்லீங்களே. ரங்கூன்லதான் இப்படிக் கட்டுவாங்க."

அமிர்தலிங்கம் மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போயிருந்தார். கொல்லை வாசலில் நின்ற ஜெகதாம்பாளின் காதில்தான் அது விழுந்தது. அவள் வேலி வரை வந்துவிட்டாள்.

"நீ ரங்கூன்ல இருந்தியா?"

"பதினோரு வருஷமுங்க. முனிசிபாலிட்டில தோட்டி வேலை."

"முப்பதாம் தெரு தெரியுமா?"

"தெருவுல நாங்க எங்கம்மா நடந்தோம்? பின்சந்துதான் தெரியும். முப்பதாம் தெரு சந்து நம்ம கையிலதான் இருந்துச்சு. எந்த வூடுங்க?"

"கீழ சீனன் செருப்புக் கடை. மாடிக்குப் பின்னால ஏணிப்படி. நீலக் கதவு."

அரியமுத்து கொஞ்சம் யோசித்தான். "கதவுல கீழ ஒரு பலகை ஒடைஞ்சு, பூனை போக வர இருக்குமே, அதுங்களா?"

ஜெகதாம்பாள் வேலிக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பலகையை மாற்றச் சொல்லி இரண்டு வருஷம் பழனிவேலோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"கண்ணாடி போட்டிருப்பாங்க. ஒல்லியா... பாத்தியா? நான் வந்ததுக்கப்புறம் பாத்தியா?"

"பாத்தேங்க. எல்லாரும் ஓடினப்பகூட எங்கள வுடலீங்களே. தோட்டி போயிட்டா ஊரு நாறிடும்னு புடிச்சு வெச்சிருந்தாங்க. மாசி மாசம் ஒரு நாள் காலைல அந்த ஐயா படியில எறங்கி வந்து, மெட்ராஸ் போன கப்பல் சேந்துச்சா, ஏதாச்சும் கேள்விப்பட்டியான்னாரு. சேந்துடுச்சுங்க, எல்லாரும் நல்லபடியா எறங்கிட்டாங்கன்னு சொன்னேன். அப்பதான் படியிலயே உக்காந்தாரு."

வைக்கோலோடு வந்த அமிர்தலிங்கம் மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா கண்ணு கலங்கியிருக்கு?"

"நாத்தம் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அரியமுத்து பம்பைச் சுழற்றிக் கசடை இறைத்து, புஞ்சையில் குழி வெட்டிக் கொட்டி மூடினான். வெளியேறும் குழாய்க்குள் புகுந்திருந்த வேப்பவேரை அறுத்து எடுத்தான். இனிமேல் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆடி மாதம் ஜெகதாம்பாள், "மாமா, தொட்டி நெறைஞ்சிடுச்சு போலிருக்கு" என்றாள்.

அரியமுத்து வந்தான். நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தான். ஒரு சாண் அளவுக்குத்தான் துணியில் கறுப்பு ஏறியிருந்தது. குச்சியைப் பார்த்தான். வேலியோரம் நின்றவளைப் பார்த்தான்.

"என்னப்பா, எறைக்கணுமா?" என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

"எறைக்க வேணாமுங்க. அடி கெட்டியாயிருக்கு. கலக்கி வுடணும். மதியமாயிடும்."

கிழவர் வயலுக்குப் போனார். அரியமுத்து குச்சியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே பேசினான். செருப்புக் கடைச் சீனன் விடியற்காலையில் இருமுவதைச் சொன்னான். மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதையும், மாடியில் யாரோ மீன் பொரிக்கும்போது சந்தே பசி எடுத்து நிற்பதையும் சொன்னான்.

"அது நான்தான்" என்றாள் ஜெகதாம்பாள். நாலரை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த அடுப்பும், சன்னலும், சாயங்காலம் ஏணிப்படியில் கேட்கும் செருப்புச் சத்தமும் அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போயின.

"உனக்கு அங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். அதுவரை கேட்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

"ஆண்டாயி. எம் பொண்டாட்டி. பர்மாலேருந்து நடந்து வர்றப்ப, புரோம் பட்டணம் தாண்டி ரோட்டோரத்துல வுட்டுட்டு வந்தேன். காலரா. குழி வெட்டக்கூட நேரம் குடுக்கலீங்க. ஊரு குழியெல்லாம் சுத்தம் பண்ணினவன், அவளுக்கு ஒண்ணு வெட்ட முடியல."

அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். அவனுக்கென்று வேலியில் தொங்கிய தகரக் குவளையில் ஊற்றப் போனவள், சட்டென்று நிறுத்தி, கையிலிருந்த பித்தளைச் செம்பையே கீழே வைத்தாள். அவன் அதைத் தொடத் தயங்கினான்.

"குடி. மாமா வர நேரமாகும்" என்றாள்.

மார்கழியில் மூன்றாவது தடவை ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை அவன் குச்சியே எடுத்து வரவில்லை.

"அம்மா, ரங்கூன்ல திரும்ப ஆளு எடுக்கறாங்களாம். மாசில கப்பல் ஏறப் போறேன். இங்க எனக்கு யாரு இருக்கா? அவ கெடக்கற மண்ணுல போயி இருக்கேன்."

ஜெகதாம்பாள் வேலியை ஒட்டி ஓரடி நெருங்கி வந்தாள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுமுங்க. அன்னைக்கு ரங்கூன்ல ஐயாகிட்ட கப்பல் சேந்துடுச்சுன்னு சொன்னேனே, அது பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டேன்."

"பொய்யா இருந்தா என்ன? நான் வந்து சேந்தேன்ல. அவங்க அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பாங்க."

பிறகு, "நீலக் கதவுல போய்க் கேளு. என்ன தெரிஞ்சாலும் எழுது. நல்லதோ கெட்டதோ, இருக்கறத எழுது" என்றாள்.

ஆவணியில் கடுதாசி வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தான். முப்பதாம் தெருவில் அந்த வரிசையே எரிந்து கிடக்கிறது. ஆலைக் காவல்காரர் குருநாதனைத் தேடிப் பிடித்தேன். ஐயா ஆலை ஆட்களோடு வடக்கே நடந்தார். புரோம் ஆற்றங்கரையில் காலரா கண்டு, பங்குனி இரண்டாம் வாரம் போய்விட்டார். குருநாதன் பக்கத்திலேயே இருந்தாராம். பெண்டாட்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஐயா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே நடந்தாராம்.

அவளே அதை மாமனாருக்குப் படித்துக் காட்டினாள். கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவள் தாலியைக் கழற்றித் தானே டப்பாவில் வைத்தாள்.

அதன் பிறகு தொட்டியைப் பற்றி அவள் பேசவில்லை. இரண்டு வருஷம் போய் அமிர்தலிங்கமே ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். கொளஞ்சி என்று ஒருவன் வந்தான். ஜெகதாம்பாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"எந்த ஊரு?"

"செந்துறைங்க."

"கடல் தாண்டிப் போயிருக்கியா?"

"திருச்சி வரைக்கும்தாங்க போயிருக்கேன்."

"சரி, வேலையப் பாரு" என்றாள். ஆனால் உள்ளே போகவில்லை. அவன் இறைத்து முடித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு சாலை ஏறும் வரை வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.