எல்லைப் பானை

ஜேசிபியின் வாளி மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே எழும்பியபோது, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பானையின் தோள் தெரிந்தது. வண்டி ஓட்டிய தீனா அதைப் பார்த்தான். பத்தடி தள்ளித் தக்காளி பறித்துக்கொண்டிருந்த தாட்சாயணியும் பார்த்தாள். தீனாவுக்கு அது புதையல். தாட்சாயணிக்கு அது தன் கல்யாணப் பானை.

கயிறு முறுக்கினாற்போல் பானையின் கழுத்தைச் சுற்றி மண்ணிலேயே ஒரு வளையம். வெதுருகுப்பம் பக்கத்துக் குயவர்கள் கல்யாணப் பானைக்கு மட்டும்தான் அதைப் போடுவார்கள். வாயை ஒரு மண்தட்டால் மூடிச் சுண்ணாம்பால் பூசியிருந்தது. அந்தச் சுண்ணாம்பைக் குழைத்த கை அவளுடையது. தக்காளிக் கூடை இடுப்பிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பானைக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அடுப்புக்கரி. அதற்கு மேல் உமி. அதற்கும் மேல் அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு.

காலனிக்காரர்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்த வருஷம் அவள் புதுப்பெண். அதற்கு முன்னால் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது. நிலத்தை அளந்து, மூலைக்கு மூலை கல் நட்டுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கல்லைக் கும்பிட்டிருப்பார்கள். காலனிக்காரர்கள் கல்லை நம்பவில்லை. ஏனென்றால் காலம்காலமாக எஜமானர்கள் சொன்னபோதெல்லாம் அடுத்தவன் கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டவர்களே அவர்கள்தான். அதனால் கல்லுக்கு அடியில் ஆழமாக ஒரு கரிப்பானையையும் புதைத்துவைத்தார்கள். கரி மக்காது, கரையான் அரிக்காது. மேலே இருக்கும் கல் நடந்தாலும் கீழே இருக்கும் பானை நடக்காது.

மாமனார் கங்கையா அவளை அழைத்துக்கொண்டு போய்த்தான் இந்தப் பானையைப் புதைத்தார். மகன் ரமணாவுக்குக்கூடச் சொல்லவில்லை. "அவன் வவுத்துல ஒண்ணும் நிக்காது. டீக்கடையில சொல்லிருவான். பெரியவங்க காதுக்குப் போச்சுன்னா கல்லோட சேத்துப் பானையும் போயிரும்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாமனார் இறந்த பிறகு இவர்கள் பிழைப்புக்காகத் திருப்பதிக்குப் போனார்கள். ரமணா லாட்ஜில் படுக்கை விரித்தான். இவள் பாத்திரம் துலக்கினாள். திரும்பி வந்து பார்த்தால் கல் நடந்திருந்தது. அடையாளத்துக்கு இருந்த பனைமரம் இல்லை. நிலத்தைச் சமன்படுத்தியிருந்தார்கள். இவர்கள் பக்கத்தில் அகலமாக ஒரு துண்டு பக்கத்து நிலத்துக்காரர் கோவர்த்தனனின் நிலத்தோடு சேர்ந்திருந்தது. அதில் அவர் போட்ட போர்க்கிணற்றில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. இவர்களிடம் மிச்சம் இருந்தது மேட்டுக்காடு, அதில் கொள்ளு விதைத்தால் கொள்ளு வரும், வராமலும் போகும். கடைசியில் அவள் தன் மண்ணிலேயே கோவர்த்தனனிடம் கூலிக்குத் தக்காளி பறித்தாள்.

மனு மேல் மனு கொடுத்தாள். அளக்க ஒருவரும் வரவில்லை. பானை இருக்கும் இடமோ அவளுக்கே பிடிபடவில்லை. கோவர்த்தனன் நிலத்தில் போய்க் குத்துமதிப்பாகக் குழி தோண்ட முடியுமா? இப்போது அவரே பண்ணைக்குட்டைக்குப் பள்ளம் எடுக்கச் சொல்லி, அவரே பானையை வெளியே கொண்டுவந்துவிட்டார்.

தீனா செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினான். "அக்கா, பொதையலு."

கரி என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? கோவர்த்தனன் வருவார், வாளியால் ஒரே தட்டு, பானை தூள். கரியும் மண்ணும் கலந்துபோகும். அவள் சொல்லை யார் கேட்பார்கள்? அவள் தொண்டையைத் திறந்தாள்.

"பொதையலு! ரத்னம்மாக்கா, எல்லாரும் வாங்க. பொதையலு வந்துகீது."

வயலில் இருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "யாரும் தொடாதீங்க. காவலு இருக்கும், ரத்தம் கேக்கும்" என்று அவளே சொன்னாள். ரத்னம்மா இரண்டடி பின்னால் போனாள். "தீனா, போன்ல படம் பிடி. நெலக் கணக்கு பாக்குற விஆர்ஓவுக்கு அனுப்பு, போலீசுக்கும் அனுப்பு."

"போலீசுக்கு எதுக்குக்கா?"

"அனுப்புறா. மறைச்சா வண்டியப் புடிச்சுக்குவாங்க."

வண்டி என்றதும் அவன் அனுப்பிவிட்டான்.

கோவர்த்தனன் வந்து சேர்ந்தபோது பள்ளத்தைச் சுற்றி ஊர் பாதி நின்றது. வெள்ளைவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லாரையும் போகச் சொன்னார். யாரும் நகரவில்லை.

"என் நெலம். என் பள்ளம். உனக்கு இங்க இன்னா வேல?"

"மொதல்ல பாத்தது நானு. எனக்குப் பங்கு கீது ஐயா" என்றாள் தாட்சாயணி. பள்ளத்துக்குள் இறங்கி, பானையைத் தொடாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பேராசைக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பானை அசையக் கூடாது. அசைந்துவிட்டால் அது வெறும் சட்டி. இருந்த இடத்தில் இருந்தால்தான் அது எல்லை.

விஆர்ஓவிடமிருந்து போன் வந்தது. தாசில்தாரான எம்ஆர்ஓ மேடம் திருப்பதியில் மீட்டிங்கில் இருக்கிறார், உடனே கிளம்புகிறார், யாரும் தொட வேண்டாம். இத்தனை வருஷமாகத் தாட்சாயணி கொடுத்த மனுவுக்கு ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை.

வெயில் ஏறியது. கூட்டம் நிழல் தேடிக் கொஞ்சம் விலகியது. அந்த நேரம் பார்த்துக் கோவர்த்தனன் பள்ளத்தின் விளிம்பில் குந்தினார். குரல் தாழ்ந்திருந்தது.

"சர்க்காரு வந்தா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அல்லாத்தையும் வாரிகினு போயிருவாங்க. நீ எழுந்திரு. நான் எடுத்துக்கறேன். பாதி உனக்கு."

அவள் பானையின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பாதி வேணாமா? செரி. அந்தப் போரு நெலம், அதான நீ கேட்டுக்கினே இருந்த? அத்த வுட்டுர்றேன். கல்ல பழைய எடத்துல நடச் சொல்றேன். போதுமா?"

கல்லை நகர்த்தியதை அவரே வாயால் சொல்லிவிட்டார். கேட்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. சரி என்று எழுந்திருக்க வேண்டியதுதான், அவள் கேட்டது கையில் வந்துவிடும். ஆனால் அவர் இதைத் திறந்து கரியைப் பார்த்த நிமிஷத்தில் அந்தப் பேச்சும் கரியாகிவிடும். "சர்க்காரே வரட்டும் ஐயா" என்றாள்.

அதற்குள் ரமணா வந்துவிட்டான். கோவர்த்தனன் அவனைத் தனியே அழைத்துப் பேசினார். அவன் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிகீது? நெலத்தையே தரேன்றாரு. எழுந்து வா."

"வர மாட்டேன்."

"இன்னா இருக்குதுன்னு பாத்தியா நீ? வெறுஞ்சட்டியா இருந்தா? நெலமும் போயி, பொன்னும் போயி, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

கையைப் பிடித்து இழுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை இப்படி இழுத்ததில்லை. அவள் மறு கையால் மண்ணைப் பற்றிக்கொண்டாள். பானைக்கும் அவன் காலுக்கும் இடையில் அரை ஜாண்தான் இருந்தது. இன்னொரு தடவை இழுத்தால் இருவரும் அதன் மேல்தான் விழுவார்கள். அவனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவன் முகத்தில் எதுவும் மறையாது, கோவர்த்தனன் இவனைப் பார்த்தே தெரிந்துகொள்வார். "கால எடு. உங்க நைனா மேல ஆணை, கால எடு" என்றாள். அவள் குரலில் எதையோ கேட்டு அவன் கையை விட்டான். காறித் துப்பிவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஜீப்புகள் வந்தன. எம்ஆர்ஓ ஸ்வர்ணலதா மேடம், சர்வேயர், இரண்டு போலீஸ். மேடம் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "எவரிதி இதி?" யாருடையது இது என்று தெலுங்கில் கேட்டார்.

கோவர்த்தனன் முந்திக்கொண்டார். அதற்குள் யாரோ அவருக்குப் போனில் சட்டம் சொல்லியிருக்க வேண்டும். புதைத்தவன் வாரிசு இருந்தால் புதையல் அவனுக்கு. "மா தாத்தா பெட்டினாரு மேடம். எங்க தாத்தா பொதைச்சு வெச்சது. எங்க நைனா எடம் காட்டியே சொல்லிகீறாரு, இங்கதான்னு."

"மேடம், மொதல்ல எடத்த அளந்து எழுதிக்குங்க. அப்புறம் தொறங்க" என்றாள் தாட்சாயணி.

சர்வேயர் சிரித்தார். எப்படியும் அளக்கத்தான் வேண்டும், புதையல் கேஸ். ஓடையோரத்துப் பழைய சர்வே கல்லிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எத்தனையோ மனுவுக்கு அசையாத சங்கிலி அவள் கண்ணெதிரே சரசரவென்று ஊர்ந்து வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, இது அசையாம வெச்ச எடத்துலயே கீதா? நாளைக்கு நான்தான் நகத்துனேன்னு சொல்லுவீங்க."

"யாரும் தொடல. எங்க தாத்தா வெச்ச எடத்துலயே கீது" என்றார் கோவர்த்தனன். சர்வேயர் எழுதிக்கொண்டார். கோவர்த்தனன் கையெழுத்தும் போட்டார்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, ரத்னம்மா கை கொடுத்தாள்.

"மேடம், பொன்னு இருந்தா அல்லாம் அவருக்கே. எனக்குப் பங்கு வேணாம். ஆனா உள்ள பச்சை வளையல் ரெண்டு, உமி, அடுப்புக்கரி இருந்தா இது நானும் என் மாமனாரும் பொதைச்சது. எங்க எல்லைக் கல்லுக்கு அடியில."

வேலியோரம் நின்ற ரமணா நிமிர்ந்தான். கோவர்த்தனன் சிரிக்கப் பார்த்தார், வாய் கோணியது.

போலீஸ்காரர் கத்தி முனையால் சுண்ணாம்பைப் பெயர்த்தார். மண்தட்டு எழும்பியது. மேடம் குனிந்து பார்த்தார், அவர் விரல் நுனியில் ஒரு பச்சை வளையல் வெளியே வந்தது. அப்புறம் உமி. அதற்கு அடியில் பானை நிறையக் கரி, நேற்று அணைத்தது போல.

கூட்டத்திலிருந்து பெருமூச்சு ஒன்று கிளம்பியது. இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இதற்காகவா மீட்டிங்கை விட்டு வந்தோம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஜீப் பக்கம் திரும்பினார்.

தாட்சாயணி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"மேடம், மண்ணுக்குன்னு கூப்டேன். எத்தினி வாட்டி கூப்டேன், வர்ல. பொன்னுன்ன உடனே வந்துட்டீங்க. கோவம் இல்ல. எங்க எல்லை எதுன்னு சொல்லிட்டுப் போங்க."

மேடம் பள்ளத்துப் பக்கம் திரும்பினார். பிறகு சர்வேயரைக் கூப்பிட்டு வரைபடத்தை ஜீப்பின் மேல் விரிக்கச் சொன்னார். இருவரும் விரல் வைத்துப் பார்த்தார்கள். பானை இருந்த இடமும் வரைபடத்தில் மூலைக்கல் இருக்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன. போர் தாட்சாயணியின் பக்கம் விழுந்தது.

"மீருதானே சொன்னீங்க, யாரும் தொடலைன்னு?" என்று மேடம் தெலுங்கு கலந்த தமிழில் கோவர்த்தனனைக் கேட்டார். அவர் வேட்டியைக் கீழே விட்டுவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போய்விட்டார். மேடம் கல்லைப் பழையபடி இங்கேயே நடச் சொன்னார்.

கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ரமணா பள்ளத்தில் இறங்கியிருந்தான். சிந்திய கரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பானையில் போட்டான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னண்ட சொல்லியிருக்கலாம்" என்றான்.

"உங்க நைனா சத்தியம் வாங்கிக்கினாரு."

"நல்ல வேல செஞ்சாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வளையல்களை உமியின் மேல் வைத்து, தட்டை மூடினான்.

"எதுக்குப்பா மறுபடி அது? அதான் சர்க்காரு கல்லு வந்துருச்சே" என்றார் சர்வேயர்.

ரமணா கரிக்கையை வேட்டியில் துடைத்தான்.

"கல்லுங்களா சார்? இந்தக் கையால எத்தினி கல்லு நகத்திகீறேன் தெரியுமா உங்களுக்கு?"

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டினார். தாட்சாயணி இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் பானையின் மேல் போட்டாள்.