எதையும் தடுக்காத ஃபில்டர்

எங்கள் வீட்டுக் காற்று இரண்டு பேர் கையில் இருக்கிறது. வெயில் காலத்தில் குளிரையும் குளிர்காலத்தில் சூட்டையும் ஊதுவது ஒரே மெஷின்தான். படிக்கட்டுக்கு அடியில், என் பகுதியில் நிற்கிறது. அதை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட் மாடிக் கூடத்தில், என் ஓரகத்தியின் பகுதியில். வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். ஃபில்டருக்குப் பூட்டு கிடையாது. அது அழுக்கு வேலை. அதனால் என் வேலை.

பூனைக்குத் தீர்ப்பு எழுதியது அந்த ஃபில்டர்தான்.

காற்றே சரியாக வரவில்லை என்று ஓரகத்தி மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள். அவர் பழைய ஃபில்டரை உருவி வாசலில் சாய்த்து வைத்தார். மாவுச் சல்லடை போல வெளுத்திருந்தது. விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்.

"எதிர்ல டைல்ஸ் அறுக்குறாங்களா? அந்தப் பொடிதான் இது. மாசாமாசம் மாத்துங்க."

"பொடியை விடுங்க. இது என்ன?" ஓரகத்தி நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டு கறுப்பு முடி. "தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், யாராவது கேட்டீங்களா? நான் தும்மித் தும்மிச் சாகுறது இதாலதான்."

கை நிறைய அள்ளலாம் போலப் பொடி இருந்தது. அதை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவள் புருஷன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவர் தம்பியான என் புருஷன், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணி சொல்றதுலயும் ஒரு இது இருக்கு."

"என்ன இது?"

"இல்ல... ஒரு இது."

பூனையின் பெயர் மசி. பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேற்பார்வையாளரோடு முட்டிக்கொண்டு நடுவிலேயே விட்டுவிட்டு வந்தேன். வரும்போது அங்கிருந்து எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான். நல்ல பூனை என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி, கூப்பிட்டால் வராது. ஆனால் நான் உட்கார்ந்தால் மடியில் ஏறும். அந்த வீட்டில் என் பக்கம் வந்து உட்கார்ந்த உயிர் அது ஒன்றுதான்.

ஃபில்டர் மாற்றியதற்கு அடுத்த வாரம், இப்போது பார்க்கும் வேலை முடிந்து வந்தேன். மசி இல்லை.

"குப்பை போடக் கதவைத் திறந்தேன், நழுவி ஓடிடுச்சு" என்றாள் ஓரகத்தி. "தேடிப் பாரு. பூனைதானே, வந்துடும்."

மசிக்குத் தெருவென்றால் நடுக்கம். லாரி சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். கதவை விரியத் திறந்து வைத்து மீனைக் காட்டினாலும் வாசற்படியைத் தாண்டாது. அதைத் தூக்கிப்போகும் கூடை அலமாரி மேல் இருந்தது. அதன் கதவை நான் எப்போதும் திறந்தே வைப்பேன். அன்று தாழிட்டிருந்தது. தானாக ஓடிய பூனை கூடைக்குத் தாழ் போட்டுவிட்டா ஓடும்?

"எங்க விட்டீங்க அக்கா?"

"என்னம்மா பேசுற நீ? நான் எதுக்கு விடப் போறேன்?"

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். நான் கத்தவில்லை. கத்தினால் அவளுக்கு அழுவதற்கு வசதியாகிவிடும். அப்புறம் வீடு முழுக்க அவளைத் தேற்றும்.

அதன் பிறகு மாடிப்படியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் ஒரே பாட்டு பாடினாள். பூனை போனது, மூச்சு என்ன லேசாக இருக்கிறது, ஒரு தும்மல் உண்டா. உண்மைதான், தும்மல் இல்லை. மெக்கானிக் புது ஃபில்டர் போட்டிருந்தாரே, எப்படி வரும்? வேலை செய்தது ஃபில்டர், பேர் பூனை போனதற்கு. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மசியை அனுப்பியதுகூட இல்லை. அனுப்பியது சரிதான் என்று ஒவ்வொரு நாளும் அவள் மூக்கு சாட்சி சொன்னதுதான்.

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஃபில்டர் அளவு மனப்பாடம். கடைக்காரர் சுவரோரம் அடுக்கியிருந்ததைக் காட்டினார்.

"எதைத் தடுக்கணும்? முடியா, தூசியா, புகையா? ஓரத்துல நம்பர் போட்டிருக்கும் பாருங்க. நம்பர் ஏற ஏறப் பொடிசையும் பிடிக்கும்."

"எதையும் தடுக்க வேணாம்."

"அப்புறம் எதுக்கு ஃபில்டர்?"

"திறந்து பார்த்தா ஒண்ணு இருக்கணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடியிலிருந்து ஒன்றை உருவினார். அட்டைச் சட்டத்துக்குள் நீல நிறத்தில் கண்ணாடி நார். அதன் வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.

"இதுதான் இருக்கறதுலயே மட்டம். எறும்பு வந்தாக்கூடக் குனியாமப் போகலாம்."

"அதைக் குடுங்க."

மற்றவர்கள் நல்ல ஃபில்டரைத் தேடுவதற்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து நல்லதை உருவிவிட்டு, காற்று போகும் திசைக்கென்று சட்டத்தில் போட்டிருந்த அம்புக்குறி மெஷின் பக்கம் பார்க்கும்படி இதைச் செருகினேன். ஆகாத வேலையைச் செய்தாலும் முறையாகச் செய்ய வேண்டும்.

வாரம் திரும்புவதற்குள் தும்மல் வந்துவிட்டது. மாடியில் தும்மினால் காற்றுக்குழாய் வழியாக என் அடுப்படியில் கேட்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். முதலில் ஒற்றைத் தும்மல். பிறகு அடுக்குத் தும்மல். பிறகு, தும்மி முடித்து, "கடவுளே" என்று ஒரு முனகல். ரேடியோ போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஓரகத்தி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். திரைச்சீலையைத் துவைத்தாள். கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டாள். என் துணி சோப்பின் வாடை என்றாள். சோப்பை மாற்றினேன், மறுபேச்சுப் பேசாமல். ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அது அழுக்கு வேலை.

விடுமுறை நாளொன்றில் டீ குடிக்க எல்லோரும் கீழே இருந்தோம். அவள் கண் சிவந்து, மூக்கு வீங்கி, கையில் துண்டோடு படியிறங்கி வந்தாள்.

"மசி போனதுக்கப்புறம் உங்களுக்கு அதிகமாயிடுச்சு போல, அக்கா" என்றேன்.

"அதோட முடி இன்னும் வீட்டுல இருக்கு."

"மெத்தை உறையக்கூடத் தோய்ச்சுட்டீங்களே. ஒருவேளை பக்கத்துலயே சுத்துதோ என்னவோ. நாம தூங்கினப்புறம் மாடிக்கு வருதோ?"

"எப்படி வரும்? அந்தத் தையல்காரி கதவைச் சாத்தித்தான் வெச்சிருக்கா..."

அதற்கப்புறம் தும்மல் வந்தது. ஒரு வாக்கியம் முன்னால் வந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

அவள் புருஷன் போனைக் கீழே வைத்தார். "எந்தத் தையல்காரி?"

நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரி மேலிருந்த கூடையை எடுத்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், அவள் வழக்கமாகத் துணி கொடுக்கும் கடை. வெட்டுத்துணி மூட்டைமேல் மசி படுத்திருந்தது. கொஞ்சம் கொழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு காதை மட்டும் அசைத்தது.

"நீங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போறதா உங்க அக்கா சொன்னாங்களே" என்றாள் தையல்காரி.

"போகல."

"இது வந்ததுலேர்ந்து இங்க எலியே இல்லங்க."

"எலிக்கு வேற ஆள் பாருங்க."

திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் நின்றேன். கடைக்காரர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப எதைத் தடுக்கணும்?"

"எல்லாத்தையும்."

நெருக்கமாக மடித்த ஒன்றை எடுத்து வைத்தார். நம்பர் பெரியது. கைக்குக் கனமாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போடற ரகம். ஆனா உங்க மெஷின் பழசுன்னா யோசிங்க. இதை இழுக்கத் திணறும். தூரத்து ரூமுக்குக் காத்து போகாது."

"மாடிக்கு?"

"மாடிக்குத்தான் முதல்ல போகாது."

அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். மாடியில் காற்றே இல்லாமல், அவள் தன் தெர்மோஸ்டாட் கூண்டைத் திறந்து திறந்து பொத்தானை அமுக்குவதைப் பார்க்கலாம். ஆனால் எனக்கு இப்போது அவள் திணறக் கூடாது. நன்றாக மூச்சுவிட வேண்டும், அதுவும் பூனை இருக்கும்போது.

"நடுவுல இருக்கறதைக் குடுங்க. பொடியையும் பிடிக்கணும், மெஷினும் இழுக்கணும்."

"முதல் தடவையே இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அன்றே செருகினேன். மசியைக் கூடத்தின் நடுவில் விட்டேன். ஓரகத்தி படியில் நின்று பார்த்தாள். புருஷன் பக்கத்தில் இருந்ததால் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

நாள் போகப் போகத் தும்மல் அடங்கியது. அடுப்படி அமைதியாயிற்று. எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன்:

"தும்மல் நின்னுடுச்சு போல, அக்கா."

"நின்னா நல்லதுதானே."

"இல்ல, மசி வந்ததுலேர்ந்து நின்னுடுச்சேன்னு கேட்டேன்."

அவள் முகம் போன போக்கை இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். என் புருஷன் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப இது மருந்துப் பூனை அண்ணி. பக்கத்துல வெச்சுக்குங்க" என்று சிரித்தார்.

அவள் வைத்துக்கொண்டாள்.

முதலில் மாடிப்படி வரை கூப்பிட்டாள். பிறகு தட்டில் மீன் வைத்தாள். தெர்மோஸ்டாட் கூண்டுக்குள் கைவிட்டுச் சூட்டை ஏற்றி, காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் மெத்தை போட்டாள். சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? இப்போது மசி மாடியில்தான் தூங்குகிறது. அதற்கு வேறு பேர்கூட வைத்திருக்கிறாள், கேட்டால் குமட்டும். வருகிறவர் போகிறவரிடம் புதுப் பாட்டு: இந்தப் பூனை மடியில் இருந்தால் ஒரு தும்மல் உண்டா.

எதிரே டைல்ஸ் அறுக்கும் இடத்தில் இன்னொரு அறுக்கும் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். ஃபில்டர் மாதம் தாங்குவதில்லை. இன்று உருவியபோது பொடி அப்பிக் கிடந்தது, அதன் மேல் கறுப்பு முடிகள். வேண்டுமானால் இதை மாடிக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் சாய்த்து வைத்து, தும்மலுக்குக் காரணம் பொடிதான் என்று சொல்லலாம். சொன்னால் பூனை மருந்தாக இராது. மறுபடி வெறும் பூனையாகிவிடும், தையல்காரிக்கோ வேறு எவளுக்கோ போய்விடும். நீலச் சல்லடையைச் செருகினாலும் அதே கதிதான்.

முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். அவள் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்க்கிற ஆள், முடியைக் கண்டால் மறுபடி பூனைமேல் பழி விழும். புது ஃபில்டரை, நடுவில் இருக்கும் ரகத்தை, அம்புக்குறி பார்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. குழாய் வழியாக அவள் குரல் கேட்டது. அந்தக் குமட்டும் பேரைச் சொல்லி என் பூனையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தும்மல்கூட இல்லை.

நன்றாகத்தான் மூச்சு விடுகிறாள். என் கைங்கரியம்.