ஜீவனஹள்ளிக் கடை ஃபிரிட்ஜ்

லவினா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொம்மலூரில் ஒரு மருந்துக் கடைக் கம்பெனியின் ஆபீஸ். ஊர் முழுக்க இருந்த அவர்களுடைய கடைகளிலிருந்து வரும் தகவல்களைத் திரட்டி, ஒரே பார்வையில் புரியும்படி திரையில் போட்டுக் காட்டுவது அவள் வேலை. இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜில் எவ்வளவு குளிர் என்பதுகூட அதில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு முன்னால் ஜீவனஹள்ளிக் கடையில் அவள் கண் நின்றது. பச்சைதான். ஆனால் சனிக்கிழமையிலிருந்து குளிர் துளிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. திறந்து மூடுகிற ஃபிரிட்ஜ் அப்படி இருக்குமா?

அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "டேட்டா வரலேன்னா காலியா விடாதே, அசிங்கமா இருக்கு. கடைசியா வந்த நம்பரையே போட்டுடு" என்று போன வாரம்தான் டீம் லீடர் ஹரிஷ்குமார் சொல்லியிருந்தான். அவளும் அப்படியே மாற்றியிருந்தாள்.

ஓடிப்போய் அவனிடம் சொன்னாள்.

"நெட் போயிருக்கும். மீட்டிங் முடியட்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கே, லவினா" என்றான்.

அவன் போனதும் மாடிப்படிக்கு வந்து கடைக்குப் போன் செய்தாள். அவசரத்தில் நம்பர் தப்பியது. மறுபடி அடித்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆஞ்சலா எடுத்தாள்.

"அக்கா, ஃபிரிட்ஜ் சரியா இருக்கா?"

"உங்க ஸ்கிரீன்ல பச்சைதானேம்மா காட்டுது?"

"அதை விடுங்க. திறந்து பாருங்க."

கதவு திறக்கும் சத்தம். பிறகு பாட்டில்கள் உரசும் சத்தம்.

"அக்கா?"

"எல்லாம் ஐஸாக் கெடக்கும்மா. நேத்தே பாட்டில் மேல ஐஸ் இருந்துச்சு. துடைச்சுக் குடுத்துட்டேன்."

உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. "யாருக்குக் குடுத்தீங்க?"

"பின்தெரு ஜெயலட்சுமிக்கு. அவ பொண்ணுக்கு. சின்னப் புள்ளைம்மா."

"கடையை மூடிட்டு ஓடுங்கக்கா!"

மீட்டிங் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. மேலதிகாரி பாகீரதி நிமிர்ந்து பார்த்தார். லவினா திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள்.

"இப்படி மாத்தினது யாரு?"

ஹரிஷ்குமார் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஹரிஷ் சொன்னாரு மேம். மாத்தினது நான்."

அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "புள்ள காலையிலேர்ந்து வாந்தி எடுக்குதும்மா, கண்ணே திறக்கல. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று ஆஞ்சலா அழுதாள்.

பாகீரதி எழுந்தார். எல்லாக் கடைகளிலும் இன்சுலின் விற்பதை உடனே நிறுத்தச் சொன்னார். தகவல் வராத ஃபிரிட்ஜ்களைப் பற்றி ஒவ்வொன்றாகப் போனில் விசாரிக்கச் சொன்னார். இன்னும் இரண்டு கடைகள் அப்படி இருந்தன. நல்லவேளையாக அங்கே மருந்து உறையவில்லை.

மத்தியானம் முழுக்க லவினா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் எடுக்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் ஆஞ்சலா கூப்பிட்டாள். "சர்க்கரை இறங்குதும்மா. கண்ணைத் திறந்துட்டா. தண்ணி கேட்டா."

லவினா பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை இருக்குமா போகுமா என்று அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.