வேலியோரக் கோல்டன்ராட்

மருமகள் பஸ் ஓட்டுகிறவள். வீட்டுக்குப் பின்னால் வேலியோரமாகக் கோல்டன்ராட் வைத்திருந்தாள். மற்ற பூவெல்லாம் ஓய்ந்த பிறகு, குளிருக்கு முன்னால் மஞ்சளாகப் பூக்கிற செடி அது. தேனீக்களுக்கு அந்த வருஷத்தின் கடைசிச் சாப்பாடு. போன வருஷம் ஆளுயரம் வளர்ந்து, பூக்கும் முன்பே ஒரு காற்றுக்குப் பொத்தென்று சாய்ந்துவிட்டது. களைக்கு இத்தனை சீராட்டா என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள். வீடு மாமியாருடையது. இந்த முறையும் பூக்காவிட்டால் அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, மூத்த மகன் காரை நிறுத்திக்கொள்ளட்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மருமகள் விடுவாளா? வேலைக்குப் போகும் முன் தண்ணீர், வந்ததும் களையெடுப்பு. கோடை ஆரம்பத்தில் செடி இடுப்பளவு வந்தது. அன்றைக்கென்று பார்த்துப் புருஷனுக்கு லீவு. அவன் சலூன்காரன். கோணல்மாணலாக எதைக் கண்டாலும் அவனுக்குக் கை அரிக்கும். பொண்டாட்டிக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அத்தனை தண்டையும் பாதியாக, ஒரே மட்டமாகக் கத்தரித்து வைத்தான். பவுடர் போட்டுவிடாததுதான் பாக்கி!

வந்து பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "போச்சு. கார் நிறுத்த இடம் ரெடி பண்ணிக் குடுத்துட்டீங்க," என்றாள். அப்புறம் ஒரு வாரம் அவனிடம் பேச்சே இல்லை.

செடிக்கு ரோஷம் இருந்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு தண்டும் நாலைந்து கிளை விட்டு, குட்டையாக, புதராக அடர்ந்தது. கோடை முடிந்து அடித்த காற்றில் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி தெருக்கோடிக்கு உருண்டது. கோல்டன்ராட் லேசாக ஆடியதோடு சரி. அப்புறம் பூத்தது பாருங்கள், கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாக! எந்த வெட்டுக்காக அழுதாளோ அதுதான் செடியைச் சாயாமல் காப்பாற்றியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

செடி பூத்த விஷயம் தெரியாத மூத்தவன் ஞாயிற்றுக்கிழமை டேப்பும் கையுமாக இடத்தை அளக்க வந்தான். மாமியாரும் கூட வந்தாள். தோட்டத்தில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்க, வேலியோரத்தில் மட்டும் தேனீயும் பட்டாம்பூச்சியும் மொய்த்தன. மாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மூத்தவன் டேப்பின் முனையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"காரை ரோட்டுலயே நிறுத்திக்கடா. இதுங்க சாப்பிட்டுட்டு இருக்குதுங்க."

இந்த வருஷம் மட்டும்தானே என்று அவன் இழுத்தான்.

"அடுத்த வருஷம் இதுங்களுக்குப் பசிக்காதா?" என்றாள் மாமியார்.

மருமகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.